கழித்துப் போட்ட கிரணங்கள்

பழைய யந்திரம் ஒன்று உபயோகம் தீர்ந்து வாசலுக்கு வந்துவிட்டால், அதன் தகட்டை எடைக்கு வாங்குகிறவரும், கம்பியை எரித்துச் செம்பை எடுக்கிறவரும், பலகையைக் கரைத்து அதில் பூசிய பொன்னை வடிக்கிறவரும் எந்த நாட்டிலும் உண்டு. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், இவர்களோடு சேராத, உலோகத்தின் விலையில் சிறிதும் நாட்டமில்லாத ஒரு புதுக் கூட்டம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தோன்றி, பழுதான இசைத்தட்டுப் பெட்டிகளையும் கணிப்பொறிகளின் தட்டு எழுதும் கருவிகளையும் தேடி அலையத் தொடங்கியது. அவர்கள் வேண்டியதெல்லாம் அவற்றின் உள்ளே, பட்டாணியளவான ஓர் உலோகக் குப்பியில், கடுகைவிடச் சிறியதாக ஒட்டியிருந்த ஒரு ஸ்படிகத் துண்டு. அதாவது லேசர் டயோடு. அதைச் சேதமின்றிப் பெயர்த்தெடுத்து, குணாகுணம் ஒன்றும் தெரியாத அப்பொருளுக்கு அளவறிந்து மின்சாரம் ஊட்டி, எங்கே கிரணம் தொடங்குகிறது, எவ்வளவு பிரகாசம் தருகிறது, எந்த எல்லையில் உயிர்விடுகிறது என்று அளந்து எழுதி வைப்பதே அவர்களுடைய பொழுதுபோக்கு. பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் பணம் செலவிட்டு ஒரு சாதனத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அது போட்டியில் தோற்றோ பழையதாகியோ ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் இக்கூட்டத்தாரின் அறிவு ஒருபடி உயர்ந்திருக்கிறது என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் விசித்திரம்.

இந்த ஸ்படிகத்தின் பிறப்பிலேயே ஒரு பொழுதுபோக்காளரின் கைப்பழக்கம் கலந்திருந்தது. 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் கலிபோர்னியாவின் மாலிபுவிலுள்ள ஹியூஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் தியோடர் மெய்மன் மாணிக்கக் கோல் ஒன்றிலிருந்து முதல் லேசர் கிரணத்தை எழுப்பியிருந்தார். இரண்டு வருஷங்கள் கழித்து, 1962 ஜூலையில், நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து டர்ஹம் நகரில் கூடிய ஒரு மகாநாட்டில், லிங்கன் ஆராய்ச்சிக்கூடத்தார், காலியம் ஆர்சனைடு என்ற பொருளாலான டயோடு தனக்கு ஊட்டிய மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதுமே ஒளியாக்கிவிடுகிறது என்று அறிவித்தபோது, கேட்டிருந்தவர்களுள் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ராபர்ட் ஹாலும் ஒருவர். தம் ஆராய்ச்சிக்கூடம் இருந்த ஷெனெக்டடிக்குத் திரும்பும் ரயிலிலேயே அவர் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். ஒளியை முன்னும் பின்னுமாகப் பிரதிபலித்துப் பெருக்குவதற்கு ஸ்படிகத்தின் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவும் கண்ணாடிபோல வழவழப்பாகவும் இருக்க வேண்டும்; அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண் 3.6 அளவில் இருப்பதால், வெள்ளி பூசாமலே அம்முகங்கள் ஒளியில் பத்தில் மூன்று பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்படிகத்தைப் பிளந்தே அம்முகங்களைப் பெறலாம் என்று வேறு சிலர் பிரயத்தனம் செய்துகொண்டிருக்க, பள்ளிப் பருவத்தில் தம் கையாலேயே தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்த்துப் பழகியிருந்த ஹால், தேய்த்து மெருகேற்றும் வழியையே தயக்கமின்றி மேற்கொண்டார். அவ்வருஷம் செப்டம்பரில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர்ந்த திரவ நைட்ரஜனில் அமிழ்த்திய அவருடைய டயோடு, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கிரணத்தைக் கணநேரத் துடிப்புகளாக வெளியிட்டது. அடுத்த சில வாரங்களுக்குள் அதே கம்பெனியின் சைரக்யூஸ் கிளையில் நிக் ஹொலோன்யாக் சிவந்த ஒளி தரும் டயோடைச் செய்து காட்ட, ஐ.பி.எம். கம்பெனியில் மார்ஷல் நேதனும், லிங்கன் கூடத்தில் க்விஸ்ட் என்பவரும் தத்தம் டயோடுகளோடு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

திரவ நைட்ரஜனில் மூழ்கிக் கிடந்தால்தான் வேலை செய்யும் பொருளை எந்த வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியாது. வெவ்வேறு குறைகடத்திகளை அடுக்கி நடுவிலே ஒளியைச் சிறைப்படுத்தலாம் என்ற யோசனையை 1963-இல் ஹெர்பர்ட் க்ரோமரும், லெனின்கிராடில் ஜோரெஸ் அல்பெரோவும் ருடால்ப் கஸாரினோவும் தனித்தனியே வெளியிட்டார்கள். அந்த யோசனை பலித்தது 1970-இல்தான். அல்பெரோவின் குழுவினரும், பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் இஸுவோ ஹயாஷியும் மார்டன் பானிஷும் சில வார இடைவெளிக்குள் சாதாரண அறை உஷ்ணத்தில் இடையறாது ஒளிரும் டயோடுகளைச் செய்து முடித்தார்கள். அவை நெடுநேரம் உயிரோடிருக்கவில்லை. ஆயுளை நீட்டிப்பதிலேயே பிறகு சில வருஷங்கள் கழிந்தன.

இதற்கிடையில் அமெரிக்கப் பொழுதுபோக்காளர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த நாட்டில் கழிபொருள் வாங்கிப் பரிசோதனை செய்யும் சம்பிரதாயம் லேசருக்கு முற்பட்டது. நார்மன் எட்மண்ட் என்பவர் 1942-இல் தொடங்கிய கடையின் முதற்பெயரே எட்மண்ட் ஸால்வேஜ் கம்பெனி. விளிம்பு உடைந்த லென்ஸுகளைத் தபாலில் விற்பதுதான் அதன் ஆரம்ப வியாபாரம். யுத்தம் முடிந்து ராணுவத் தளவாடங்கள் மலிந்தபோது அது செழித்து வளர்ந்து, எட்மண்ட் ஸயண்டிபிக் என்ற பெயரோடு, நியூ ஜெர்சியின் பாரிங்டன் ஊரிலிருந்து நாடெங்கும் உள்ள பள்ளிச் சிறுவர்களுக்கும் ஓய்வு பெற்ற பொறியாளர்களுக்கும் கண்ணாடிகளை அனுப்பிக்கொண்டிருந்தது. ஸயண்டிபிக் அமெரிக்கன் சஞ்சிகையில் அமெச்சூர் விஞ்ஞானிகளுக்கென்று ஒரு பகுதியை நடத்திவந்த சி. எல். ஸ்டாங், 1964 செப்டம்பர் இதழில் ஹீலியம் நியான் வாயு லேசரை வீட்டிலேயே அமைக்கும் முறையை விவரித்தார். கண்ணாடிக் குழாய் ஊதவும், வெற்றிடம் உண்டாக்கவும், உயர் மின்னழுத்தத்தைக் கையாளவும் தெரிந்திருந்தாலன்றி அது கைகூடாது. ஆயினும் முயன்றவர்கள் இருந்தார்கள். பின்பு 1974 ஜூன் 26-ஆம் தேதி ஓஹையோவின் ட்ராய் நகரத்துக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் கோட்டுக் குறியீட்டை முதன்முதலாக லேசர் படித்ததிலிருந்து கடைகளுக்கும், 1978 டிசம்பரில் படத்தட்டுப் பெட்டிகள் விற்பனைக்கு வந்ததிலிருந்து வீடுகளுக்கும், வாயுக் குழாய்கள் தாமாகவே வந்து சேர்ந்தன. அந்தப் பெட்டிகளும் கருவிகளும் பழசானபோது குழாய்கள் கழிபொருள் கடைகளில் குவிந்தன. குழாய் ஊதிக்கொண்டிருந்தவர்கள் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

வாயுக் குழாயின் ராஜ்யத்தை முடித்து வைத்தது 1982 அக்டோபர் முதல் தேதி ஜப்பானில் வெளிவந்த ஸோனியின் ஸி.டி.பி. 101 என்ற இசைத்தட்டுப் பெட்டி. அதன் விலை 168,000 யென். பிரபுக்கள் வீட்டுச் சாமான்தான். ஆனால் அதனுள் இருந்த 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் டயோடு, இசைத்தட்டு பரவப் பரவ, ஆயிரக்கணக்கிலிருந்து லக்ஷக்கணக்கிலும் பிறகு கோடிக்கணக்கிலும் உற்பத்தியாகத் தலைப்பட்டது. டயோடிலிருந்து புறப்படும் கிரணம் ஒரு சிறு லென்ஸின் வழியே தட்டின் மேல் ஒன்றரை மைக்ரான் அளவுள்ள புள்ளியாகக் குவிந்து, 1.6 மைக்ரான் இடைவெளியில் சுழன்று செல்லும் வரியிலே பொறித்த நுண்ணிய குழிகளின் மீது ஓடி, மீண்டும் அதே லென்ஸுக்குத் திரும்பி, நான்கு கூறாகப் பிரித்த ஓர் ஒளி உணரியில் விழுந்து, இசையையும், குவியம் பிசகினால் அப்பிசகையும் ஒருங்கே தெரிவிக்கிறது. இத்தனை சூக்ஷ்மமான ஏற்பாட்டை உள்ளங்கையில் அடங்கும் ஒரு வார்ப்பு உலோகத் துண்டுக்குள் அடைத்து, அதை அற்ப விலைக்கு விற்கும்படி செய்தது சென்ற நூற்றாண்டின் தொழில் அற்புதங்களுள் ஒன்றென்று நான் எண்ணுகிறேன். லேசர் அச்சு யந்திரங்களும் 1980-களில் இதே அகச்சிவப்பு டயோடுகளையே மேற்கொண்டன.

நம் நாட்டிலும் இந்தச் சாமான் பரவலாகப் பழகியதே. ஆனால் பழக்கத்தின் நோக்கம் வேறு. சென்னை ரிச்சித் தெருவின் சந்துகளில், சினிமாத் தட்டுகள் வீடுதோறும் ஓடிய காலத்தில், பெட்டி தட்டைப் படிக்கவில்லை என்று கொண்டுவந்தால், 'லென்ஸ் போயிடுச்சு சார்' என்று சொல்லி மெக்கானிக் அந்தத் துண்டையே முழுமையாக மாற்றித் தந்துவிடுவார். புதிய லென்ஸ் வாங்க வாடிக்கையாளருக்கு மனமில்லை என்றால், துண்டின் ஓரத்திலிருக்கும் கடுகளவு திருகை மெல்லத் திருப்பி மின்சாரத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடுவதும் உண்டு. பெட்டி மறுபடி பாடும். ஆனால் களைத்த டயோடை விரட்டி வேலை வாங்கியதால் அதன் மிச்ச ஆயுள் அத்தனையும் சில மாதங்களிலே செலவாகிவிடும். மெக்கானிக் டயோடின் எல்லையைக் காதாலும் அனுபவத்தாலும் அறிந்தார். கடல் கடந்த பொழுதுபோக்காளர்கள் அதே எல்லையைக் கோடு போட்டுப் பார்க்க விரும்பினார்கள்.

அவர்கள் கண்ட முதல் இடையூறு, கிரணம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாமையே. 780 நானோமீட்டர் ஒளி மனிதக் கண்ணில் மங்கலான செம்பொட்டாக மட்டும் படுகிறது. அந்த மங்கலைக் கண்டு பலம் குறைந்தது என்று நினைப்பவனுடைய விழித்திரையில், இமைகூட அனிச்சையாக மூடிக்கொள்ளாத நிலையில், முழுச் சக்தியும் இறங்கிவிடும். அடுத்த இடையூறு, ஸ்படிகத்தின் அளவுக்கு மிஞ்சிய மென்மை. குளிர்காலத்தில் கம்பளி உடுத்து நடந்தவனின் விரலில் சேரும் நிலைமின்சாரம், அவன் உணரவே உணராத அளவினதாயினும், டயோடைக் கொன்றுவிடப் போதும். தொழிற்சாலையிலிருந்து வரும் புதிய லென்ஸ் துண்டின் நாடாவில் இரண்டு முனைகளை ஈயப் பற்றால் இணைத்து அனுப்புவது இதனால்தான்; பொருத்திய பிறகு அந்தப் பற்றை எடுத்துவிட வேண்டும். கழிபொருளிலிருந்து எடுப்பவனும் அதே யுக்தியைத் தலைகீழாகப் பிரயோகித்தான். வார்ப்புத் துண்டைக் குறட்டால் கடித்து உடைப்பதற்கு முன்பே, டயோடின் மூன்று கால்களையும் மெல்லிய செப்புக் கம்பியால் சுற்றி ஒன்றாக்கி, கையில் பூமியோடு இணைத்த பட்டையைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினான்.

மூன்று கால்கள் ஏன் என்று கேட்கலாம். ஒன்று லேசருக்கு, மற்றொன்று அதன் பின்முகத்து ஒளியைக் கண்காணிக்கும் ஓர் உணரிக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொது. எந்தக் கால் எது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. குப்பியின் மேல் பெயரோ எண்ணோ பெரும்பாலும் இராது. குப்பிகளின் பெருவாரியான விட்டம் 5.6 மில்லிமீட்டர், பலம் மிகுந்தவற்றுக்கு 9 மில்லிமீட்டர். அளவுமானியால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கால்களை அடையாளம் கண்ட பிறகு, பித்தளையாலான 12 மில்லிமீட்டர் உறை ஒன்றில் மேஜைப் பிடிகருவியின் உதவியோடு குப்பியை அழுத்திப் பொருத்துவார்கள். உறை அலங்காரத்துக்கன்று, உஷ்ணம் வெளியேற வழியில்லாவிட்டால் கிரணம் மங்கி, அலைநீளம் பிசகி, டயோடும் மாய்ந்துவிடும்.

பரிசோதனையின் உயிர்நாடி மின்சாரத்தை அளந்து ஊட்டுவதில் இருக்கிறது. சாதாரண விளக்குக்குக் கொடுப்பதுபோல மின்னழுத்தத்தை நிலைப்படுத்திக் கொடுத்தால், டயோடு சூடாகச் சூடாக மேலும் மேலும் மின்சாரத்தை இழுத்துத் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். ஆகவே மின்னோட்டத்தையே நிலைப்படுத்த வேண்டும். இதற்கு எல்.எம். 317 என்ற மலிவான சீராக்கி ஒன்றே போதும் என்று கண்டுகொண்டார்கள். அந்தச் சீராக்கி தன் இரு கால்களுக்கிடையே 1.25 வோல்ட்டை எப்போதும் காத்துக்கொள்ளும். அங்கே ஐந்து ஓம் தடையை இட்டால் 250 மில்லியாம்பியர், பத்து ஓம் இட்டால் 125 மில்லியாம்பியர். இவ்வளவு எளிய கணக்கிலும் கண்ணிகள் இருந்தன. உபயோகித்துத் தேய்ந்த மாறுதடையின் தொடுமுனை ஒரு கணம் விலகிச் சேர்ந்தால், அந்தக் கணத்து மின்னோட்டமே டயோடுக்கு முடிவாகிவிடும். மின்தேக்கி ஒன்று நிறைந்திருக்கும்போது டயோடை இணைத்தால், அதில் தேங்கிய மின்சாரம் அணையுடைந்தாற்போல அதன் மேல் பாயும். எனவே முதலில் உண்மை டயோடை இணைப்பதே இல்லை. அதன் ஸ்தானத்தில் சாதாரண ஸிலிகன் டயோடுகள் சிலவற்றைச் சங்கிலியாகக் கோத்து, கூடவே ஒரு ஓம் தடையொன்றைத் தொடுத்து, அதன் இரு முனைகளிலும் அளவுமானியை வைத்தால், மானி காட்டும் மில்லிவோல்ட்டே மில்லியாம்பியரின் எண்ணாகிவிடும். சிவப்புக்கு மூன்று, ஊதாவுக்கு ஆறு என்று சங்கிலியின் நீளத்தை மாற்றுவார்கள். ஏனெனில் அலைநீளம் குறையக் குறைய டயோடு கேட்கும் மின்னழுத்தம் கூடுகிறது. மின்னோட்டம் சரியென்று தெரிந்த பிறகு, எல்லாவற்றையும் அணைத்து, மின்தேக்கியைக் கம்பியால் குறுக்கிட்டு வெறுமையாக்கி, அப்புறமே உண்மை டயோடு அரங்கேறும்.

ஒளியை அளப்பதற்கு ஒரு மானி வேண்டும். அது ஆராய்ச்சிக்கூடங்களுக்கே உரிய விலையில் இருந்தது. இதற்கும் பொழுதுபோக்காளர்கள் ஒரு வழி கண்டார்கள். சிறு குளிர்பெட்டிகளில் குளிரூட்டும் பெல்ட்டியர் தகட்டின் ஒருபுறத்தைக் கரி பூசிக் கறுப்பாக்கி, மறுபுறத்தைக் கனத்த உலோகத்தில் ஒட்டிவிட்டால், கறுப்பின் மேல் விழும் கிரணத்தின் உஷ்ணம் தகட்டில் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும். அந்த அழுத்தம் எத்தனை மில்லிவாட்டுக்குச் சமம் என்று அறிய, அதே கறுப்பின் மேல் ஒரு தடையை ஒட்டி, மானிகளால் திட்டமாக அளந்த மின்சக்தியை அதிலே எரித்து ஒப்பிட்டார்கள். இவ்விஷயத்தில் அவர்கள் தேசிய அளவையியல் கூடங்கள் கைக்கொள்ளும் அதே தத்துவத்தைத்தான், சமையலறை மேஜையில் அமர்ந்தபடி, கைக்கொண்டிருந்தார்கள்.

மின்னோட்டத்தை ஒருபுறமும் ஒளியை மறுபுறமும் எழுதிக்கொண்டே போனால் ஒரு கோடு உருவாகும். சிவந்த டயோடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 60 அல்லது 70 மில்லியாம்பியர் வரைக்கும் அது சாதாரண விளக்கு டயோடு போல மங்கலாக மினுங்கும்; அந்த வாசலைத் தாண்டியதும், சேர்க்கும் ஒவ்வொரு மில்லியாம்பியருக்கும் ஒரு மில்லிவாட்டளவு ஒளி, நேர்கோடாக ஏறும். மேலே போகப்போக நேர்கோடு வளையத் தொடங்கும். உஷ்ணம் தன் வேலையைக் காட்டுகிறது என்பது அதன் பொருள். இன்னும் போனால் ஒரு கணத்தில் ஒளி சட்டென்று விழுந்துவிடும். ஸ்படிகத்தின் முகத்தில் மைக்ரான் அளவுள்ள சாளரத்தின் வழியே அத்தனை ஒளியும் நெருக்கியடித்துக்கொண்டு வெளியேறுவதால், அந்த முகமே உருகிக் குலைந்துபோகிறது. பிறகும் டயோடு மினுங்கும், கிரணம்தான் வராது. இவ்விதம் உயிர்விடும்வரை ஒரு டயோடை வேண்டுமென்றே விரட்டி, அதன் கோடு முழுவதையும் குறித்து, மற்றவர்களுக்குத் தெரிவிப்பது இக்கூட்டத்தாரிடையே மதிப்புக்குரிய காரியமாயிற்று. கம்பெனியின் குணவிவரப் பத்திரம் ரகசியமாகப் பூட்டி வைத்திருந்ததை, ஒரு துண்டைப் பலிகொடுத்து அவர்கள் மீட்டார்கள். அந்தப் பலியின் பயன் அடுத்து வருகிறவர்களுக்கெல்லாம் கிடைத்தது. மரண எல்லை எதுவென்று தெரிந்ததால், அதற்கு எட்டத்திலே நிற்க அவர்கள் கற்றுக்கொண்டார்கள். கம்பெனி சொல்லியிருக்கக்கூடிய எல்லைக்கும் இவர்கள் கண்ட எல்லைக்கும் வெகு தூரம் இருந்ததற்குக் காரணமும் உண்டு: கம்பெனி ஆயிரக்கணக்கான மணி நேர ஆயுளுக்கு உத்தரவாதம் சொல்ல வேண்டியிருந்தது, பொழுதுபோக்காளனுக்குச் சில பத்து மணி நேரமே திருப்தி.

1996 நவம்பரில் ஜப்பானில் டி.வி.டி. தட்டு வெளிவந்தபோது 650 நானோமீட்டர் சிவப்பு டயோடு அதனோடு வந்தது. தட்டைப் படிக்க மட்டும் செய்த டயோடுகள் அற்ப சக்தியுள்ளவை. தட்டில் எழுதும் கருவிகள் பரவிய பிறகே நிலைமை மாறியது. எழுதும் வேகம் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு, பதினாறு என்று கம்பெனிகள் போட்டி போட்டு உயர்த்த உயர்த்த, சாயப் படலத்தை இன்னும் குறுகிய நேரத்தில் கருக்குவதற்காக டயோடின் சக்தியும் நூற்றுக்கணக்கான மில்லிவாட்டாக உயர்ந்தது. ஒரு வருஷம் பழகிய கருவியை வீசிவிட்டு அடுத்த வேகத்தை வாங்கும் பைத்தியமும் கூடவே பரவியதால், 2005-ஐ ஒட்டிய வருஷங்களில் குப்பைக்குப் பஞ்சமில்லை. கைவிளக்கின் உடலுக்குள் சிவப்பு டயோடை நுழைத்துத் தீக்குச்சியைக் கொளுத்துவதும், கறுப்புப் பலூனை வெடிக்கச் செய்வதும் அப்போது தொற்றுநோயாயின. என் அபிப்பிராயத்தில் இந்தச் சரித்திரத்தின் சிறுபிள்ளைத்தனமான அத்தியாயம் இதுவே. கோடு போட்டு அளந்தவனும் பலூனை வெடித்தவனும் ஒரே கடையில் டயோடு வாங்கியிருக்கலாம். ஒருவன் பெற்றது அறிவு, மற்றவன் பெற்றது சத்தம்.

ஊதா நிறக் கிரணத்தின் கதை இன்னும் ருசிகரமானது. ஜப்பானில் டோகுஷிமா பிராந்தியத்தின் அனான் ஊரிலுள்ள நிச்சியா கம்பெனியில் ஷூஜி நகமுரா காலியம் நைட்ரைடு ஸ்படிகத்தோடு வருஷக்கணக்கில் மல்லாடி, 1990-களின் நடுவில் ஊதா லேசர் டயோடைச் செய்து காட்டினார். நீல விளக்கு டயோடுக்காக அகஸாகி, அமானோ இருவரோடு அவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய 405 நானோமீட்டர் கிரணம் விற்பனைக்கு வந்த புதிதில் சாமானியன் விலை கேட்கவும் துணியமாட்டான். ஆனால் அதே கிரணத்தை ஆதாரமாகக் கொண்டு, ப்ளூரே என்றும் எச்.டி. டி.வி.டி. என்றும் இரண்டு தட்டுகள், 2006-இல் சந்தையில் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. ஸோனி தன் விளையாட்டுப் பெட்டியிலே ப்ளூரே கருவியை இணைத்தது. மைக்ரோஸாப்ட் எக்ஸ்பாக்ஸுக்கு எச்.டி. டி.வி.டி. கருவியைத் தனியே 199 டாலருக்கு விற்றது. 2008 பிப்ரவரி 19-ஆம் தேதி தோஷிபா கம்பெனி, எச்.டி. டி.வி.டி.யைக் கைவிட்டதாக அறிவித்துவிட்டது. யுத்தம் முடிந்தது, தோற்றவன் களஞ்சியம் திறந்து கிடந்தது. மைக்ரோஸாப்டின் கருவி உடனே 50 டாலருக்கு இறங்கியது. அதற்கென்று செய்து மிகுந்துபோன லென்ஸ் துண்டுகளோ அதனினும் மலிவாகக் கைமாறின.

பி.எச்.ஆர். 803டி என்ற அந்தத் துண்டின் எண்ணை இன்றும் பழைய பொழுதுபோக்காளர்கள் பிரியத்தோடு நினைவுகூர்கிறார்கள். அதனுள்ளே ஊதா, சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய மூன்று கிரணங்களும் இருந்தன. பின்னிரண்டும் ஒரே குப்பிக்குள். ஆராய்ச்சிக்கூடத்துக்கும் அரிதாயிருந்த ஊதாக் கிரணம், நூறு மில்லிவாட்டளவு பலத்தோடு, ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைக்குப் பள்ளி மாணவனுக்குக் கிட்டியது. அது கண்ணுக்குச் சோகையாகவே தோன்றும். ஆனால் வெள்ளைக் காகிதத்தின் மேல் பட்டால், காகிதத்தை வெளுக்கச் சேர்த்த ரசாயனம் விழித்துக்கொண்டு நீலமாய்ச் சுடர்விடும். இருட்டிலே ஒளிரும் வர்ணம் பூசிய பலகையில் அந்தக் கிரணத்தால் எழுதினால் எழுத்து நிமிஷக்கணக்கில் நின்று மறையும். இரு கம்பெனிக் கூட்டங்கள் சினிமா வியாபாரத்துக்காக நடத்திய சண்டையின் விளைவாக இப்படி ஒரு பரிசோதனைச் சாலை உலகெங்கும் திறக்கும் என்று எந்த நிர்வாகியும் உத்தேசித்திருக்க மாட்டார்.

இரண்டு வருஷங்கள் கழித்து இதனினும் பெரிய வேட்டை வாய்த்தது. காஸியோ கம்பெனி 2010 ஜனவரியில், பாதரச விளக்கு இல்லாத படவீழ்த்தி ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதில் 445 நானோமீட்டர் நீல லேசர் டயோடுகள் பல வரிசைகளாகச் சேர்ந்து ஒளி தரும். அந்த நீலத்தைச் சுழலும் சக்கரத்தில் பூசிய ஒளிர்பொருள் பச்சையாக மாற்றும். சிவப்புக்கு மட்டும் ஒரு விளக்கு டயோடு. ஒவ்வொரு நீல டயோடும் ஏறத்தாழ ஒரு வாட் தாங்கியது. அதுவரை மில்லிவாட்டில் எண்ணிப் பழகியவர்களுக்கு இது கனவு போலிருந்தது. தனியாக வாங்கினால் எட்டாத விலையுள்ள டயோடுகள், ஒரு புதிய படவீழ்த்தியை விலை கொடுத்து வாங்கி உடைத்தால் மலிவாகக் கிடைத்தன. இங்கேதான் கழிபொருள் பொறுக்குதல் தன் பழைய தர்மத்தைத் தாண்டியது என்று சொல்ல வேண்டும். பழுதானதைப் பிரித்தவர்கள், பழுதில்லாத புதுச் சாமானைக் கூட்டாகப் பணம் போட்டு வாங்கிப் பிரித்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்த வருஷமே ஒரு வியாபாரக் கம்பெனி இதே ஜாதி டயோடைக் கைப்பிடி ஒன்றில் பொருத்தி 200 டாலருக்குக் குறைந்த விலையில் விற்க முன்வர, பத்திரிகைகள் அதைச் சினிமா வீரர்களின் ஒளிவாளோடு ஒப்பிட்டுக் கூச்சலிட, லூகாஸ்பிலிம் கம்பெனி தன் படத்தின் ஆயுதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கற்பிக்கலாகாதென்று வக்கீல் கடிதம் அனுப்பியது.

வேடிக்கையாகத் தோன்றினாலும் ஆபத்து வேடிக்கையன்று. விழியின் லென்ஸ் சமாந்தரக் கிரணத்தை விழித்திரையின் ஒரு புள்ளியில் குவிக்கும்போது, அதன் செறிவு லக்ஷம் மடங்காகிறது. கண் சுளித்து மூடிக்கொள்ளக் கால் விநாடி ஆகும். 5 மில்லிவாட்டுக்கு உட்பட்ட சிவப்புச் சுட்டுக்கோலில் அந்தக் கால் விநாடி பெரும்பாலும் காத்துவிடும், ஒரு வாட் நீலத்தில் காக்காது. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்வது அணியாததைவிடக் கெடுதி. அது பாவையை விரித்துக் கிரணத்துக்கு வாசலை அகலமாக்கும். அந்தந்த அலைநீளத்துக்கென்று செய்த கவசக் கண்ணாடி இல்லாதவனோடு பேச்சே இல்லை என்பது பொறுப்புள்ள பொழுதுபோக்காளர்களிடையே எழுதாச் சட்டம். எழுதிய சட்டங்களும் வந்தன. ஸிட்னி விமான நிலையத்தை நெருங்கிய விமானங்களின் மேல் 2008 மார்ச்சில் பச்சைக் கிரணங்கள் பாய்ந்ததை அடுத்து, ஆஸ்திரேலிய அரசாங்கம் ஒரு மில்லிவாட்டுக்கு மேற்பட்ட சுட்டுக்கோல்களை அனுமதியின்றி இறக்குமதி செய்வதைத் தடுத்தது. அமெரிக்கா 2012-இல் விமானத்தின் மேல் லேசர் காட்டுவதைத் தனிக் குற்றமாக்கியது. குற்றம் செய்தவர்கள் அநேகமாக ஆயத்தச் சுட்டுக்கோலை வாங்கினவர்களே. மாதக்கணக்கில் கால் அடையாளமும் கோடும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர். ஆனால் சுங்கச்சாவடி இந்தப் பேதத்தைப் பார்ப்பதில்லை. பித்தளை உறையோடு ஒரு டயோடை வரவழைத்தவனும் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது பொறுக்குவதற்கு அவ்வளவு தேவையில்லை. தட்டு எழுதும் கருவி இல்லாமலே கணிப்பொறிகள் விற்பனையாகின்றன. பச்சைக் கிரணம் நேரடியாகத் தரும் டயோடுகளும், மரத்தில் சித்திரம் செதுக்கும் யந்திரங்களுக்கான பல வாட் நீல டயோடுகளும், அவற்றின் குணவிவரத்தோடு கடைகளிலேயே கிடைக்கின்றன. குறட்டை மூலையில் வைத்துவிட்டவர்கள் பலர். அளவுமானியையும் கறுப்புத் தகட்டையும் மட்டும் அவர்கள் விடவில்லை. செதுக்கு யந்திரம் விற்கும் வியாபாரிகள் டயோடு உட்கொள்ளும் மின்சக்தியின் எண்ணையே பெரிய எழுத்தில் அச்சடித்து, 40 வாட் என்றும் 80 வாட் என்றும் விளம்பரம் செய்கிறார்கள். கறுப்புத் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தால், வெளிவரும் ஒளி அதில் ஒரு சிறு பங்குதான்.